ஒற்றைச் சில்லுப் பொங்கல்

தலைக்கு மேலே யாரும் நடக்காத ஒரு வீடு வேண்டும். கனடாவுக்கு வந்து நான் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கேட்டது கடவுளிடம் அல்ல, என் கணவரிடம். கடவுளாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வேளைக்குத் தந்திருப்பார்.

தொண்ணூறுகளின் முதல் பாதி முழுக்க நாங்கள் மில்லிக்கனில், என் மச்சாள் வீட்டு பேஸ்மென்றில் இருந்தோம். மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. எங்களுக்கெல்லாம் முன்னமே ரொறன்ரோவுக்கு வந்து, வேலை செய்து, வீடு வாங்கி, பிறகு வந்த எங்களுக்கு இருக்க இடமும் தந்தவர். விமான நிலையத்துக்கு எனக்கும் கைக்குழந்தையாய் இருந்த மகளுக்கும் ஜக்கெற் கொண்டுவந்து போட்டுவிட்டவரும் அவர்தான். நான் நன்றி கெட்டவள் அல்ல. ஆனால் அந்தச் செருப்புச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. காலையில் சரக் சரக் என்று என் தலைக்கு மேலே குசினிக்குப் போகும், திரும்பும், மறுபடி போகும். நான் கீழே மீன் பொரிக்கத் தொடங்கினால் சத்தம் சட்டென்று நிற்கும். எனக்கு அதுதான் பயம். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டுக் கதவு திறந்து, "மணம் மேலை வருது, பிள்ளை" என்று மச்சாளின் குரல் இறங்கி வரும். கோபமே இல்லாத குரல். நான் அடுப்பை நிறுத்திவிடுவேன்.

அப்படி எத்தனை மீன் பாதியில் நின்றதோ தெரியாது. ஒருநாள் நானும் நின்றுவிட்டேன். வீடு பார்க்காவிட்டால் இனிச் சமைக்க மாட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். மூன்று வேளையும் கடைப் பாண் சாப்பிட்ட மனுசன் வீடு பார்க்கத் தொடங்கினார்.

எங்கள் கைக்கு எட்டிய வீடு அஜக்ஸுக்கு வடக்கே, நெடுஞ்சாலையை விட்டு வயல்களுக்கு நடுவே உள்ளே போகிற ஒரு தெருவில் இருந்தது. பழைய செங்கல் வீடு, கீழும் மேலுமாக இரண்டு தட்டு. முன்னால் பெரிய மேப்பிள் மரம், பின்னால் யாரும் கவனிக்காத சில ஆப்பிள் மரங்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பால் பண்ணை. அவ்வளவுதான் ஊர். எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். "அங்கை கதைக்கிறதுக்கு ஆர் இருக்கினம், மாடுதான் இருக்கு" என்றார்கள். மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் சாமான்களை வானில் ஏற்றும்போது வாசலில் வந்து நின்று, "தம்பி, பேஸ்மென்றை நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. சும்மா கிடக்கட்டும். தையிலை வந்திடுவியள்" என்றார்.

அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம்.

என் கணவர் தம்பி என்ற பதவியை ஒருநாளும் கைவிடாத மனுசன். மார்க்கத்தில் வேலை. முன்பு கொஞ்ச நேரத்தில் போய்வந்தவர், இப்போது இருட்டில் போய் இருட்டில் வந்தார். முதல் கிழமையே எனக்கு நிபந்தனை போட்டார்.

"இஞ்சரும், இந்த விண்டர் இருந்து பாப்பம். ஏலாதெண்டால் அக்கா வீட்டை திரும்பிப் போறதுதான். பிறகு நீர் ஒண்டும் கதைக்கக்கூடாது."

"ஓம்" என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே ஒரு பெரிய விளைமீனை வாங்கி வந்து, யன்னல்களைச் சாத்திக்கொண்டு பொரித்தேன். வீடு முழுக்க மணம். மேலே ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி நான் அதற்குப் பிறகும் மீன் சாப்பிட்டதில்லை.

மார்கழி பெரிய கரைச்சல் இல்லாமல் போனது. ஸ்னோ வந்தது, தள்ளினோம், மறுபடி வந்தது. நான் அஜக்ஸில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை எடுத்தேன். மகள் மஞ்சள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள். தை பிறப்பதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, மழை பெய்யத் தொடங்கியது.

எனக்கு மழையைக் கண்டதும் சந்தோஷம். குளிர் விட்டுவிட்டது, ஸ்னோ எல்லாம் கரைந்துவிடும் என்று மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்துப் பெருமையடித்தேன். வாளியைக்கூட வெளியே வைத்தேன், மழைத் தண்ணீரில் தலை முழுகலாம் என்று. மத்தியானம் போய் வாளியைத் தூக்கினால் வாளி வரவில்லை. படியோடு ஒட்டிக் கிடந்தது. படி, கைபிடி, கார், மரம், கம்பி, புல்லின் நுனி என்று எல்லாவற்றுக்கும் கண்ணாடி பூசிவிட்ட மாதிரி இருந்தது. விழுகிறபோது மழையாக விழுந்தது. தொட்ட இடத்தில் ஐஸாகிக்கொண்டிருந்தது.

"அம்மா, இட்ஸ் ஸோ பிரிட்டி" என்றாள் மகள். அவளுக்கு அப்போது ஏழு வயதிருக்கும். நானும் ஓம் வடிவுதான் என்றேன். அந்த நேரத்தில்தான் மேப்பிள் மரத்தின் முதல் கொப்பு முறிந்தது.

அது முறிந்த சத்தத்துக்கு நானும் கணவரும் ஒரே நேரத்தில் குசினி மேசைக்குக் கீழே இருந்தோம். யார் யாரை இழுத்தது என்று தெரியாது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஊரில் விழுந்த ஷெல்லை உடம்பு மறக்கவில்லை. மகள் யன்னலடியில் நின்று எங்களைப் பார்த்து, மரம்தானே முறிந்தது, ஏன் ஒளிக்கிறீர்கள் என்று கேட்டாள். கணவர் வெட்கத்தோடு எழும்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. பிறகு அன்று முழுக்க முறிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தோள் ஒருமுறை ஏறி இறங்கினாலும் மேசைக்குக் கீழே போகவில்லை.

பின்னேரம் கரண்ட் போனது. நான் அலட்டிக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமலே மாதக்கணக்கில் குடும்பம் நடத்தியவள் நான், மச்சாளுக்கு அந்தக் காலம் தெரியாது. ஒரு ஜாம் போத்தலைத் தேடி எடுத்து, மூடியில் துளை போட்டு, திரி இறக்கி, நல்லெண்ணெயில் விளக்கு ஏற்றினேன். மகள் கைதட்டினாள். நான் ராணி மாதிரிக் கதிரையில் இருந்தேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனால் கரண்ட் மட்டும்தான் போகும். இங்கே பைப்பைத் திறந்தால் தண்ணீர் இல்லை, ஏனென்றால் கிணற்று மோட்டர் கரண்டில் ஓடுவது. அடுப்பும் கரண்ட். வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸும் கரண்ட் இல்லாமல் இயங்காது. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் என் மூச்சு புகையாய்ப் போவது வடிவாகத் தெரிந்தது.

முன் அறையில் ஒரு சின்ன விறகு அடுப்பு இருந்தது. வாங்கும்போது அழகுக்கு என்று நினைத்தது. மெத்தைகளை இழுத்துவந்து மூன்று பேரும் அதைச் சுற்றிக் குடியேறினோம். கூரையில் ஐஸ் வழுக்கி இறங்கும்போது சரக் சரக் என்று கேட்டது. மச்சாள் நடக்கிற அதே சத்தம். நான் கூரையை முறைத்துப் பார்த்தேன்.

ரெலிபோன் மட்டும் உயிரோடு இருந்தது. மச்சாள் எடுத்தார். ரொறன்ரோவில் பெரிதாக ஒன்றும் இல்லையாம், தெரு வழுக்குகிறதாம், அவ்வளவுதான். "பிள்ளையைக் கொண்டு உடனை வாங்கோ. பேஸ்மென்றிலை ஹீற்றைக் கூட்டிவிட்டிருக்கிறன்" என்றார். கணவர் வெளிக்கிட்டார். தெருமுனையில் ஒரு கரண்ட் கம்பம் கம்பிகளோடு குறுக்கே படுத்திருந்தது. போக வழியில்லை. திரும்பி வந்து, நனைந்த பூட்ஸைக் கழற்றாமலே இருந்தார்.

"ரோட் திறந்த உடனை போவம். பொங்கல் அக்கா வீட்டை. பிறகு அங்கையே நிப்பம்."

"அங்கையே எண்டால்?"

அவர் அடுப்பைப் பார்த்தார். "நீர் ஓமெண்டு சொன்னனீர்."

சொன்னதுதான். அந்தச் செருப்புச் சத்தம், அந்தப் படிக்கட்டுக் கதவு, பாதியில் நிற்கிற மீன், எல்லாம் திரும்பவும் என் தலைக்கு மேலே வந்து நின்றன. அழுதுவிடுவேன் போலிருந்தது. அழுதால் தோற்றுவிடுவேன் என்று கோபப்பட்டேன்.

"புது வீட்டுக்கு இது முதல் பொங்கல். நான் என்ரை வீட்டு முத்தத்திலைதான் பொங்குவன். வேறை எங்கையும் வரமாட்டன்."

"எதிலை பொங்குவீர்? கரண்ட் இல்லை, தண்ணி இல்லை, காய்ஞ்ச விறகு முடியப்போகுது. பாலுக்கு எங்கை போவீர்?"

"பொங்கினால்?"

"பொங்கினால் இருப்பம்" என்றார். நடக்காத காரியத்துக்கு வாக்குக் கொடுப்பதில் அவருக்கு ஒரு தாராளம் உண்டு.

"முத்தத்திலை பொங்கி வழிஞ்சால் இந்த வீட்டிலையே இருப்பம். அப்பா சொன்னதைக் கேட்டனி தானே, பிள்ளை?" என்று மகளைச் சாட்சிக்கு இழுத்தேன்.

"யெஸ், ஐ ஹேர்ட்" என்றாள் மகள் போர்வைக்குள் இருந்து.

மறுநாள் தண்ணீருக்கு எதிர்ப் பண்ணைக்குப் போனேன். அங்கே ரக்ரரில் ஒரு ஜெனரேற்றரைப் பூட்டிக் கறவை மெஷினையும் கிணற்று மோட்டரையும் மாறி மாறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் எங்கள் வீட்டுக்கே கேட்டது. பூட்ஸுக்கு மேலே கணவரின் கம்பளிக் காலுறைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, விறகு அடுப்புச் சாம்பலை ஒரு வாளியில் எடுத்து, முன்னால் தூவித் தூவி நடந்தேன். அப்படியும் தெருவைத் தாண்டுவதற்குள் பாதி வழி தவழ்ந்தேன்.

பண்ணைக்காரர் ஒரு பெரிய ஆள், அதிகம் பேசாதவர். அதுவரை நாங்கள் காருக்குள் இருந்து கை காட்டிக்கொண்டதுதான் பழக்கம். அவரைத் தேடி மாட்டுக் கொட்டிலை ஒட்டிய பால் அறைக்குள் போனேன். பெரிய எவர்சில்வர் தாங்கியின் அடியில் இருந்த வாயைத் திறந்துவிட்டுவிட்டு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பால் சீமெந்து நிலத்தில் நுரைத்துக்கொண்டு ஓடி ஒரு துவாரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

பாலைத் தவறி ஊற்றினாலே நெஞ்சு பதறுகிற ஆட்கள் நாங்கள். "ஸ்டொப்" என்று கத்திவிட்டேன். மனுசன் திடுக்கிட்டுத் தாங்கியின் வாயை மூடிவிட்டார். பால் எடுக்க வருகிற லொறி வரமுடியவில்லை, தாங்கி நிரம்பிவிட்டது, மாடுகளைக் கறக்காமலும் விடமுடியாது, இன்றைக்குக் கறப்பதற்கு இடம் வேண்டும் என்று மெதுவாக விளங்கப்படுத்தினார். அவருடைய மனைவி பக்கத்தில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்கச் சட்டம் இடம் கொடுக்காதாம். இனாமாக எடுத்துப் போக எனக்கு விருப்பமா என்று பண்ணைக்காரர் கேட்டார்.

விருப்பமா என்று என்னிடம் கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருந்த அத்தனை சட்டி பானையும் பாலால் நிரம்பியது. மகளின் பனிச்சறுக்குப் பலகையில் வாளிகளைக் கட்டி இழுத்தோம். கணவரையும் விடவில்லை. முதல் நடையிலேயே தெரு நடுவில் கால் இரண்டும் ஆகாயத்தைப் பார்க்க விழுந்தார். வாளிப் பால் முழுக்க ஜக்கெற்றில். வீட்டுக்கு வருவதற்குள் ஜக்கெற் உறைந்து, கழற்றி நிறுத்தியபோது தானாகவே நின்றது. நானும் மகளும் சிரித்த சிரிப்பில் அவரும் கடைசியில் சேர்ந்துகொண்டார். அந்த மழை தொடங்கிய பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

விறகு அடுப்பின் மேல் பால் காய்ந்தபடியே இருந்தது. தயிர் போட்டேன். கிளறிக் கிளறிப் பால்கோவா செய்தேன். கை ஓய்ந்தபோது கணவர் அகப்பையை வாங்கிக் கிளறினார். பால்கோவாவைப் பண்ணைக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அடுத்த நாள் மனுசன் ஒரு கட்டு காய்ந்த விறகைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, வெறும் பாத்திரத்தை நீட்டினார். மனைவி கேட்டுவிட்டாராம், இன்னும் இருக்குமா என்று. நான் பாத்திரத்தை நிரப்பிக்கொடுத்து, பொங்கல் காலை இரண்டு பேரும் எங்கள் முற்றத்துக்கு வரவேண்டும் என்றேன். என்ன விசேஷம் என்று கேட்டார். சூரியனுக்கு நன்றி சொல்கிற நாள் என்றேன். அவர் யன்னல் வழியே வெளியே பார்த்தார். பல நாளாகக் கண்ணில் படாத சாமான். ஆனாலும் வருகிறேன் என்றார்.

பொங்கலன்று சூரியன் வந்தது. எப்படி வந்தது தெரியுமா. கிழக்கே வயலுக்கு மேலே அது தலையைக் காட்டியதும் ஒவ்வொரு கொப்பும், ஒவ்வொரு கம்பியும் எரிகிற மாதிரி மின்னியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் குளிருக்குள் சேலை உடுத்து, அதற்கு மேலே ஜக்கெற் போட்டு, முற்றத்தில் இறங்கினேன். கார் நிறுத்துகிற இடத்தைத் தெரிந்தெடுத்தேன், மட்டமாக இருந்தபடியால். அரிசிமாவில் கோலம் போட்டேன். போட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தால் கோலத்தைக் காணவில்லை, வெள்ளைக்கு மேலே வெள்ளை. திரும்பப் போய் மஞ்சள் தூளைக் கலந்துகொண்டு வந்தேன். மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். நிறைகுடம் வைத்தேன். பானையில் பாலை ஊற்றி ஏற்றினேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. விடியப்புறம் கம்பத்தை அகற்றிவிட்டிருந்தார்கள் போலும். வந்தது மச்சாள். பட்டுச்சேலைக்குக் கீழே பெரிய பூட்ஸ், கையில் ஹொட்பொக்ஸ். அவருடைய கணவர் இறங்காமல் எஞ்சினை ஓடவிட்டபடி இருந்தார்.

"நான் விடியவே பொங்கிக் கொண்டுவந்திட்டன். உடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றார்.

"பொங்கிப்போட்டு வாறம், மச்சாள்" என்றேன். வாறம் என்று சொன்னேனே தவிர மனதில் வேறு கணக்கு.

பண்ணைக்காரரும் மனைவியும் தெருவைத் தாண்டி வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். பால் விளிம்பில் மெல்ல அசையத் தொடங்கியது. மகள் அடுப்படியில் குந்தியிருந்து எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் கிழக்குப் பக்கத்துக் கல் கொஞ்சம் இறங்கியது.

ஐஸின் மேல் அடுப்பு வைத்தால் என்ன ஆகும் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. முற்றம் என்றால் அது மண், அடுப்பு என்றால் அது கல், இவ்வளவுதான் என் தலையில் இருந்தது. நெருப்பின் சூட்டில் கீழே குளம் கட்டி, ஒரு கல் அமிழ்ந்து, மற்றது வழுக்கி, பானை மெதுவாக, மிக மரியாதையாக, பக்கவாட்டில் சாய்ந்தது. பால் நெருப்பில் கொட்டி ஒரே புகை. கோலமும் கரைந்து மஞ்சளாய் ஓடியது.

மச்சாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு என் தோளைத் தொட்டார். "காணும், பிள்ளை. இனியும் என்னத்துக்கு. வாரும், போவம்."

அதுவும் அன்பாகத்தான். நான் தோற்றுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. கணவரைப் பார்க்கவில்லை. அவர் வென்றுவிட்டார், இனி அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது.

கணவர் குனிந்து பானையை நிமிர்த்தி உள்ளே பார்த்தார்.

"அரைவாசி கிடக்கு" என்றார்.

"கிடந்தால் கிடக்கட்டும், தம்பி. வா" என்றார் மச்சாள்.

"இல்லை, அக்கா. உந்தப் பாலுக்கு நான் நடுரோட்டிலை விழுந்தெழும்பினனான். சும்மா விடுறதே?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "வீட்டுக்குள்ளை இன்னும் ஒரு வாளி இருக்குத் தானே? எதுக்கு மேலை வைக்கலாம், யோசியும்."

நான் அந்த மனுசனைக் கலியாணம் செய்தது பெற்றோர் பார்த்துச் சொன்னதால். அந்த நிமிடம் யாரும் சொல்லாமலே ஒருமுறை செய்திருப்பேன்.

யோசித்தேன். மரப்படியில் நெருப்பு மூட்ட முடியாது. வெளியே எங்கே திரும்பினாலும் ஐஸ். என் கண் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த வீல்பரோவில் விழுந்தது. முன்பு இருந்தவர்கள் விட்டுப் போன, துருப்பிடித்த, ஒற்றைச் சில்லு இரும்பு வண்டில். "அதைக் கொண்டு வாங்கோ" என்றேன். பண்ணைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் மணல் என்று கேட்டதும் ஓடிப்போய் வழுக்கலுக்குத் தூவ வைத்திருந்த மணலை வாளி வாளியாகக் கொண்டுவந்தார். வீல்பரோவுக்குள் மணலைத் தடிப்பாகக் கொட்டி, சாம்பலைப் பரப்பி, அதற்கு மேலே செங்கல்லை வைத்தேன். வண்டில் வழுக்காமல் இருக்கக் கணவர் இரண்டு கைபிடியையும் பிடித்துக்கொண்டு நின்றார். சூரியன் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. "கொஞ்சம் திருப்புங்கோ, இன்னும் கொஞ்சம்" என்றேன். அடுப்போடு சேர்த்துச் சூரியனுக்கு நேரே திருப்பி நிறுத்தினார். எந்த ஊர் முற்றத்திலும் அப்படி ஒரு வசதி இல்லை.

மற்ற வாளிப் பாலையும் ஊற்றிப் பானையை ஏற்றினேன். விறகு பாதி நனைந்திருந்தது. நெருப்புப் பற்றுவதும் சாவதுமாக இருந்தது. ஊதி ஊதி எனக்குத் தலை சுற்றியது. மச்சாள் ஹொட்பொக்ஸை அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். கால் மாற்றி நின்றார். பிறகும் பார்த்தார். பொங்கல் அடுப்பு ஒன்று கண்ணுக்கு முன்னால் அணைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

"தள்ளும் அங்காலை" என்றார். ஹொட்பொக்ஸை ஐஸில் வைத்தார். கையுறையைக் கழற்றி ஜக்கெற் பொக்கெற்றுக்குள் திணித்தார். பட்டுச்சேலையோடு முழங்காலில் இருந்து, விறகை இழுத்துப் பிரித்து, காற்று போக இடம்விட்டு, கன்னம் உப்ப ஒரு ஊது ஊதினார். நெருப்பு எழும்பியது. அவருடைய முகமெல்லாம் சாம்பல். "அரிசி எங்கை? கிட்டக் கொண்டுவாரும். பிள்ளை, நீ எட்ட நில். தம்பி, ஆட்டாமல் பிடி" என்று எல்லோரையும் வேலை வாங்கத் தொடங்கினார். எனக்குப் பிடிக்காத அந்த அதிகாரக் குரலை அன்றைக்கு நான் மூச்சு விடாமல் கேட்டேன்.

பால் ஏறியது. நுரை விளிம்புக்கு வந்து, ஒரு கணம் நின்று, கிழக்குப் பக்கத்தால் வழிந்தது. செங்கல்லில் பட்டுச் சீறியது. மச்சாள்தான் முதலில் "பொங்கலோ பொங்கல்" என்றார். கணவர் கைபிடியை விடாமலே சேர்ந்து சொன்னார். பண்ணைக்காரர் தொப்பியை உயர்த்தினார். வெயில் சூடேறி, மேப்பிள் மரத்தில் இருந்து ஐஸ் கழன்று படபடவென்று கொட்டத் தொடங்கியது அந்த நேரம்தான். எங்கள் வீடுகளில் பொங்கல் வழியும்போது சீனவெடி கொளுத்துவது வழக்கம் என்று முதல்நாள்தான் மகளுக்குச் சொல்லியிருந்தேன். "அம்மா, ஃபயர்கிராக்கர்ஸ்" என்று அவள் துள்ளினாள். இந்த முறை எங்கள் தோள்கள் ஏறவில்லை. நான் இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் பானையைச் சுற்றிப் போட்டேன். அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. வென்றுவிட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்லவில்லை. கணவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அதுவே போதுமாக இருந்தது.

பயறும் சர்க்கரையும் கஜுவும் போட்டுக் கிளறி இறக்கினோம். மச்சாளின் கணவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். முன் அறையில் விறகு அடுப்பைச் சுற்றி இருந்து எல்லோரும் சாப்பிட்டோம். பண்ணைக்காரர் இரண்டாம் முறை வாங்கினார், பிறகு கேட்காமலே கிண்ணத்தை நீட்டினார். லொறி மத்தியானம் வருமாம், இனிப் பாலை ஊற்றத் தேவையில்லை என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சுவரைப் பார்க்கவில்லை. மச்சாள் தான் கொண்டுவந்த ஹொட்பொக்ஸைத் திறக்கவே இல்லை.

கரண்ட் இன்னும் வந்திருக்கவில்லை. வர மேலும் நாளெடுத்தது. ஆப்பிள் மரங்களில் பாதி போய்விட்டன, பிழைத்தவை அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் காய்த்தன. ஆனால் அன்றைக்கு, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்த மச்சாள், தம்பியைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எங்கடை வேலையிடத்திலை ஒரு குடும்பம் இருக்க இடம் தேடுது. பேஸ்மென்றை அவைக்குக் குடுக்கட்டே?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் பானையில் மிச்சப் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"குடுங்கோ, அக்கா" என்றார்.

மச்சாள் தலையாட்டினார். ஊதி ஊதிக் களைத்திருந்தார். கொஞ்சம் சரியட்டோ என்று என்னிடம் கேட்டார். என் வீட்டில் படுக்க என்னிடம் அனுமதி கேட்டார். மேல் அறையில் கட்டில் இருக்கிறது, குளிராக இருக்கும், இரண்டு போர்வை எடுத்துப் போங்கோ என்றேன். என்னுடைய வீட்டுச் செருப்பையும் கொடுத்தேன். படியேறிப் போனார்.

எல்லோரும் பேச்சை விட்டு அடுப்புச் சூட்டில் கண்ணயர்ந்த நேரம், என் தலைக்கு மேலே சரக் சரக் என்று கேட்டது. யன்னலடிக்குப் போனது, திரும்பியது, கட்டிலடியில் நின்றது. நான் எழும்பிப் போய், விறகு அடுப்பின் மேல் தாச்சியை வைத்து, வாசலுக்கு வெளியே ஐஸுக்குள் வைத்திருந்த மீனைக் கொண்டுவந்து கழுவினேன். பொங்கலன்று மீன் கூடாது என்று சத்தத்தில் கண்விழித்த மகளே சொன்னாள். அதுவும் சரிதான் என்று மீனைத் திரும்ப ஐஸுக்குள் வைத்துவிட்டு, மச்சாள் எழும்பும்போது குடிக்கப் பாலைக் காய்ச்சத் தொடங்கினேன்.